கிளிமூக்கு விசிறிவால்: இனம் கெடாமல் குஞ்சு எடுக்கும் முறை

அழகான ஒரு சேவலை வாங்கிவந்து, கிடைத்த பெட்டைகளோடு விட்டால் குஞ்சு வரும்; இனம் வராது. கிளிமூக்கு விசிறிவால் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் ஈத்தில் நாலு நல்ல குஞ்சு தேறும். அடுத்த தலைமுறையில் அலகு நீளும், வால் குட்டையாகும், பாதி முட்டை கூமுட்டையாகப் போகும். பழி மட்டும் சேவலை விற்றவர் மேல் விழும். உண்மையில் இனத்தைக் காப்பது ஒற்றைச் சேவல் அல்ல. மூன்று குடும்பமாகப் பிரித்து வளர்ப்பதும், விடாமல் எழுதிவைக்கும் நோட்டும், கழிக்கத் தயங்காத மனமும்தான்.

கிளிமூக்கு, அசில் எனப்படும் பெருவிடை இனத்தின் ஒரு வழி. அழகுக்காகவும் கண்காட்சிக்காகவும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. இதைச் சண்டைக்கு விடுவது பறவைக்குச் செய்யும் கொடுமை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தாய் தந்தையைத் தேர்வு செய்தல்

அலகு குட்டையாக, அடியில் தடித்து, கிளியின் அலகுபோலக் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வாயை மூடியபின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள். மேலலகு இடமோ வலமோ இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அந்தப் பறவையில் குஞ்சு எடுக்க வேண்டாம். கோணல் அலகு பெரும்பாலும் பிறவிக் குறை. குஞ்சுகளில் திரும்ப வரும்.

வால் தரையைத் தொட வேண்டும், அகன்ற இறகுகளாக இருக்க வேண்டும். கால் தடித்து, விரல்கள் நேராக இருக்கட்டும். மார்பெலும்பை விரலால் தடவிப் பார்த்தால் வளைவு இருக்கக்கூடாது. கண் வெளிறி முத்துப்போல இருப்பது நல்லது. ஆனால் இளம் பறவைகளில் கண் கருத்தோ சிவந்தோதான் இருக்கும், வயது ஏற ஏறத்தான் தெளியும். ஒரு வயது ஆகுமுன் கண்ணைப் பார்த்துக் கழிப்பது அவசரம்.

பெட்டையை மட்டமாக நினைக்காதீர்கள். குஞ்சின் பாதி அவள் தருவது. விலையில் பத்தில் ஒன்பது பங்கைச் சேவலுக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் பெட்டை வாங்குவது தலைகீழான கணக்கு. அலகும் எலும்பும் நல்லதாக வாய்த்த 4 பெட்டைகளும், சுமாரான வால் கொண்ட ஒரு சேவலும் இருந்தால், அதிலிருந்து மூன்று தலைமுறையில் வாலைக் கொண்டுவந்துவிடலாம். மாறாக, அலகு கெட்ட பெட்டைகளை வைத்துக்கொண்டு எந்தச் சேவலைக் கொண்டுவந்தாலும் அந்தக் குறை சுற்றிச் சுற்றி வரும்.

கொண்டையை, அதாவது பூவை, தனியாகச் சொல்ல வேண்டும். அசிலுக்கு உரியது மண்டையோடு ஒட்டி, மூன்று வரிசையாகத் தாழ்ந்திருக்கும் மத்திப்பூ. வாள்போல நிமிர்ந்து பல் வெட்டி நிற்பது கத்திப்பூ. மத்திப்பூ ஓங்கிய குணம், ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளிப்படும். கத்திப்பூ ஒடுங்கிய குணம், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஆகவே மத்திப்பூச் சேவலும் மத்திப்பூப் பெட்டையும் சேர்ந்து ஒரு குஞ்சு கத்திப்பூவோடு வந்தால், இரண்டு பக்கத்திலும் அந்தக் குணம் ஒளிந்திருக்கிறது என்பது உறுதி; ஒரு பக்கம் மட்டும் குற்றவாளி அல்ல. சேவல் சுத்தமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. கத்திப்பூ உள்ள ஒரு சாதா நாட்டுப் பெட்டையோடு சேர்த்து 7 குஞ்சு எடுங்கள். சேவலிடம் கத்திப்பூ ஒளிந்திருந்தால் குஞ்சுகளில் பாதிக்கு அது வெளிப்படும். ஏழிலும் ஒன்றுகூட வரவில்லை என்றால், சேவல் ஏமாற்றியிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைவிடக் குறைவு. அந்த ஏழு குஞ்சுகளையும் இனத்தில் சேர்க்காமல் கறிக்கு வளர்த்துக்கொள்ளலாம்.

மூன்று குடும்பம், சுழலும் சேவல்கள்

ஒரே சேவல், 4 பெட்டை என்று வைத்து, அவற்றின் பிள்ளைகளுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால், தலைமுறைக்குச் சுமார் 16% அளவுக்கு உள்ளினக் கலப்பு, அதாவது உறவு நெருக்கம், கூடும். 3 சேவல், 12 பெட்டை என்றால் அதுவே 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அண்ணன் தங்கையையோ, அப்பன் மகளையோ ஒரு முறை சேர்த்தாலே பிறக்கும் குஞ்சுக்கு 25%. ஒரு நல்ல குணத்தை நிலைநிறுத்த எப்போதாவது ஒரு முறை அப்பனை மகளோடு சேர்ப்பது உண்டு. அதையே வழக்கமாக்கினால் முதலில் முட்டை குறையும், பிறகு கரு தங்காது, பிறகு குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும்.

அதனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று குடும்பங்களை வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சேவல், 3 அல்லது 4 பெட்டை. ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று பெயரிடுங்கள். விதி ஒன்றுதான்: மகள்கள் தாய் வீட்டிலேயே இருப்பார்கள், மகன்கள் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ‘அ’ வீட்டு மகன் ‘ஆ’ வீட்டுக்கு, ‘ஆ’ வீட்டு மகன் ‘இ’ வீட்டுக்கு, ‘இ’ வீட்டு மகன் ‘அ’ வீட்டுக்கு. ஒவ்வொரு தலைமுறையும் இதே திசையில் சுழல வேண்டும். திசையை ஒரு முறை மாற்றினால் கணக்கே குழம்பிவிடும். பழைய சேவலை உடனே விற்றுவிடாமல் ஓராண்டு கையிருப்பில் வைத்திருங்கள். புதுச் சேவல் நோயில் போனால் கை கொடுப்பது அதுதான்.

சேவலை மாற்றியதும் அடுத்த நாள் முட்டையை எடுத்து அடை வைத்துவிடக்கூடாது. பெட்டையின் உடலில் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பழைய சேவலைப் பிரித்து 21 நாள் கழித்து இடும் முட்டைதான் புதுச் சேவலுடையது என்று நம்பி எழுதலாம். அதுவரை வரும் முட்டையைச் சாப்பிடுங்கள்.

குஞ்சுகளுக்கு அடையாளம் பொரித்த நாளன்றே போட வேண்டும். முன்விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு காலிலும் இரண்டு சவ்வு, ஆக நான்கு. எதில் ஓட்டை போடுகிறோம், எதில் போடவில்லை என்பதை வைத்து 16 விதமான அடையாளம் கிடைக்கும். இதற்கென்றே சிறு துளைக்கருவி விற்கிறார்கள். துளைத்ததும் வெட்டுப்பட்ட சதைத்துண்டு முழுதாக விழுந்துவிட்டதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் சில நாளில் ஓட்டை மூடிவிடும். பெரிதானபின் எண் போட்ட வளையம் மாட்டிக்கொள்ளலாம். வளையம் கழன்று விழும், சவ்வுத் துளை விழாது.

சேர்க்கைக்கு முன்

பெட்டை 8 மாதத்துக்கு மேல், சேவல் ஒரு வயதை ஒட்டி இருக்கட்டும். அசில் சேவலின் எடை 4 கிலோவைத் தாண்டும். அதன் நகமும் முள்ளும் பெட்டையின் முதுகைக் கிழித்துவிடும். முள்ளின் நுனியையும் நகத்தையும் அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். இரண்டு பறவையிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றி அடர்ந்திருக்கும் இறகைக் கத்தரித்துவிட்டால் கரு பிடிப்பது கூடும். பல கூமுட்டைகளுக்குக் காரணம் இந்த இறகுதான்.

தீவனம், இடுகிற முட்டைக்கு மட்டுமல்ல, உள்ளே வளரப்போகும் கருவுக்கும் சேர்த்துப் போடுவது. 10 கிலோவுக்கு ஒரு கலவை: உடைத்த கம்பு, சோளம், மக்காச்சோளம் சேர்ந்து 5.8 கிலோ, தவிடு 1.7 கிலோ, சோயாப் புண்ணாக்கு 1.5 கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 600 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம், கிளிஞ்சல் தூள் 100 கிராம். இதில் புரதம் சுமார் 17% வரும். இது போதாமல் முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதை அவளே கொத்திக்கொள்வாள். தினமும் கீரையோ, நீரில் மிதந்து வளரும் அசோலாவோ ஒரு கைப்பிடி அவசியம். கீரை இல்லாமல் தானியம் மட்டும் தின்ற பெட்டையின் குஞ்சுகளுக்கு விரல் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். பி2 சத்துக் குறைவு அது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் தொடவே வேண்டாம், அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும்.

இந்த அலகுக்காரர்களுக்குத் தட்டையான தரையில் இறைத்த தானியத்தைப் பொறுக்குவது சிரமம். குறைந்தது மூன்று விரற்கடை ஆழமான கிண்ணத்தில், நிறையப் போட்டு வையுங்கள். மேலலகு நுனி அளவுக்கு மீறி வளர்ந்தால் நக அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். கத்தியால் வெட்டினால் இரத்தம் வரும்.

முட்டை சேகரிப்பும் அடையும்

பெருவிடைப் பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு 3, 4 ஈத்துதான் இடும். ஒவ்வொரு முட்டையும் அருமையானது. காலை, மாலை இரு வேளையும் எடுத்து, தேதியும் குடும்ப எழுத்தும் பென்சிலால் எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். கழுவக்கூடாது, கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்க் கிருமி உள்ளே நுழையும். சேமிக்க ஏற்ற வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். குளிர்பதனப் பெட்டி இதற்குக் கூடுதல் குளிர்ச்சி. ஈர மணல் பரப்பிய பெரிய மண்சட்டிக்குள் உலர்ந்த இன்னொரு சட்டியை வைத்து அதில் முட்டையை அடுக்குவது நம் வெயிலுக்கு நல்ல வழி. 7 நாளுக்குமேல் தேக்கினால் பொரிப்பு இறங்கத் தொடங்கும்.

அசில் பெட்டை கனமானவள். சொந்த முட்டையை மிதித்து உடைப்பதும் குஞ்சை நசுக்குவதும் உண்டு. ஆகவே அடைக்கு, உடம்பு சிறுத்த நாட்டுக்கோழியான சிறுவிடைப் பெட்டைதான் சிறந்தது. அவளது சொந்த முட்டை 10, 12 வைக்கலாம் என்றால், பெருவிடை முட்டை 8 அல்லது 9 போதும். அகலமான கூடையில் இரண்டு அங்குலம் மணல், மேலே வைக்கோல். அடை உட்காரும் முன் அவள் உடம்பில் செள்ளும் பேனும் இல்லாதபடி பார்த்து மருந்து போடுங்கள். அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதற்கு முதல் காரணம் பேன் அரிப்பு. இருட்டியபின் முட்டையை அடியில் வைத்தால் எளிதில் ஏற்றுக்கொள்வாள். நாளுக்கு ஒரு முறை 15, 20 நிமிடம் இறக்கி, கம்பும் சோளமும் தண்ணீரும் காட்டுங்கள்.

இன்குபேட்டரில் வைப்பதானால், விசிறி உள்ளதில் 37.5 டிகிரி. பெட்டியில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள். அந்த வெப்ப அளவில் அதைவிடத் துல்லியமாகக் காட்டும் மலிவான கருவி வீட்டில் வேறில்லை. நாளுக்கு 3 அல்லது 5 முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படையாகத் திருப்பினால், நீண்ட இரவில் ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் மேலே இருக்கும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள்.

ஈரப்பதம்தான் பலரைத் தடுமாற வைப்பது. முதல் 18 நாள் 50 முதல் 55%, கடைசி மூன்று நாள் 65 முதல் 70% என்று சொல்வார்கள். சென்னை, நாகை போன்ற கடலோரத்தில் தண்ணீர்த் தட்டே வைக்காமலும் ஈரம் ஏறி நிற்கும். திண்டுக்கல், கோவைப் பக்கம் கோடையில் தட்டு வைத்தாலும் எட்டாது. எண்ணைத் துரத்துவதைவிட முட்டையை நிறுப்பது மேல். நகைத் தராசில் நிறுத்தால், 18ஆம் நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13% இழந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு வந்திருந்தால் சரி. 46 என்றால் உள்ளே ஈரம் அதிகம், குஞ்சு மூக்கு வைக்கக் காற்றறை போதாமல் மூழ்கும். 42 என்றால் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கும்.

மின்சாரம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் கம்பளி போர்த்துங்கள். கடைசி மூன்று நாளிலும் திறக்கக்கூடாது. முதல் குஞ்சு வந்து 24 மணி நேரம் உள்ளேயே இருக்கலாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அதுவரை தாங்கும்.

பொரியாத முட்டையை உடைத்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் குப்பையில் போடுகிறவர்கள் அடுத்த ஈத்திலும் அதே தவற்றைச் செய்வார்கள். 7ஆம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். எடுத்ததை உடைத்து மஞ்சள் கருவைப் பாருங்கள். சிறிய, கெட்டியான ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் சேரவில்லை: வயது, எடை, இறகு, வெயில் இவற்றில் ஒன்று காரணம். சித்திரை வெயிலில் நல்ல சேவலுக்கும் கரு குறையும்.

இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு முதல் சில நாளில் செத்திருக்கிறது. முட்டையை நாள் கடந்து வைத்ததோ, வெயிலில் வைத்ததோ, தொடக்கத்திலேயே வெப்பம் ஏறியதோ காரணம். முழுதாக வளர்ந்து ஓட்டைக் குத்தாமலே இறந்திருந்தால் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். குத்தியபின் இறந்திருந்தால் பெரும்பாலும் கடைசி நாட்களில் சவ்வு காய்ந்திருக்கிறது. 20ஆம் நாளுக்கு முன்பே பொரித்து, தொப்புள் ஆறாமல் இருந்தால் வெப்பம் அதிகம். 22, 23 என்று இழுத்து, குஞ்சு பொதபொதவென்று வந்தால் வெப்பம் குறைவு. எல்லாம் சரியாக இருந்தும் ஒரே குடும்பத்து முட்டைகள் மட்டும் ஈத்துக்கு ஈத்து கடைசி வாரத்தில் சாகின்றன என்றால், அது இயந்திரத்தின் குற்றமல்ல. அந்தக் குடும்பத்தில் உறவு நெருங்கிவிட்டது. நோட்டில் குடும்ப எழுத்து இல்லாவிட்டால் இது எந்நாளும் தெரியவராது.

குஞ்சுப் பருவம்

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். 30 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்.இ.டி. விளக்கு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. நம் ஊர்க் கோடையில் பகலில் பல்பே வேண்டியிருக்காது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவித் திரிந்தால் சரி. வழவழப்பான செய்தித்தாளில் விட்டால் கால் விரிந்துபோகும். உமியின் மேல் சாக்கோ கரடுமுரடான துணியோ போடுங்கள். கால் விரிந்த குஞ்சுக்கு இரண்டு காலையும் இடுப்பு அகலத்துக்கு மருந்துப் பட்டியால் இணைத்து இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புரதம் 20 முதல் 22% உள்ள குஞ்சுத் தீவனம் 8 வாரம் வரை. கூடவே கரையான் கிடைத்தால் அதற்கு ஈடில்லை: பழைய சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோலைப் பானையில் அடைத்து நீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவைத்தால் காலையில் ஏறியிருக்கும்.

தடுப்பு மருந்து தவறக்கூடாது. 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா அல்லது எஃப்1 மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்து. 28ஆம் நாள் மீண்டும் லசோட்டா. 6 வாரத்தில் அம்மைத் தடுப்பு மருந்து. 8 வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்.டி.வி.கே. அல்லது ஆர்2பி ஊசி. உங்கள் ஊரில் கிடைப்பதையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் பனிக்கட்டியோடு வர வேண்டும், கலக்கியபின் ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு பறவைக்கும் மேல் போடும் மருந்து இருக்கும். அக்கம்பக்கத்து வளர்ப்பாளர்களோடு ஒரே நாளில் பகிர்ந்து போட்டால் தெருவுக்கே காப்பு. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. மிளகும் மஞ்சளும் அந்தக் கிருமியை நிறுத்தாது. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் எச்சத்தில் இரத்தம் வந்தால் அது இரத்தக் கழிச்சல். அதற்கு மருந்து உண்டு, ஆனால் அன்றே தொடங்க வேண்டும். கூடவே ஈரமான உமியை மாற்ற வேண்டும்.

கழிப்பதும் வாலைக் காப்பதும்

8ஆம் வாரத்தில் முதல் கழிவு: கோணல் அலகு, கத்திப்பூ, வளைந்த விரல், வளைந்த மார்பெலும்பு. 6 மாதத்தில் இரண்டாவது: எடை, நிற்கும் தோரணை, அலகு முழுதாக மூடுகிறதா என்பது. வாலுக்கான தீர்ப்பு ஒரு வயதுக்குப் பின்தான்; முதல் இறகு உதிர்ப்பு முடிந்து வரும் வாலே உண்மையான வால். 40 குஞ்சு எடுத்தால் 2 சேவல், 5 பெட்டை வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கண்டிப்பாக இருங்கள். நோயில் விழுந்து தேறிய பறவை எத்தனை அழகானாலும் அதைவிட, ஒரு நாளும் சுணங்காத பறவையைக் குஞ்செடுக்க வையுங்கள்.

3, 4 மாதத்தில் பட்டாக்கள், அதாவது இளஞ்சேவல்கள், ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். காத்திருக்காமல் அன்றே பிரியுங்கள். ஒரு கொத்தில் கண்ணோ அலகோ போய்விடும். தனிக்கூண்டு குறைந்தது 4 அடிக்கு 4 அடி, உயரமும் 4 அடி. உட்காரும் கட்டை சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருந்தால்தான் வால் உரசாது. தரையில் உலர்ந்த மணல். ஈரச் சாணியில் இழுபட்ட வால் ஒரு மாதத்தில் துடைப்பமாகிவிடும். உதிர்ப்புக் காலத்தில் புரதத்தைக் கூட்டுங்கள், பறவையைக் கையில் எடுக்காதீர்கள். முளைக்கும் இறகுக் குருத்தில் இரத்தம் ஓடுகிறது. அது முறிந்து இரத்தம் நிற்காவிட்டால், குருத்தை அடியோடு பிடித்து நேராக இழுத்துவிட்டு மஞ்சள் தூள் வைத்து அழுத்துங்கள்.

ஐந்தாறு தலைமுறை போனபின் வெளி இரத்தம் தேவைப்படும். அப்போது சேவலைக் கொண்டுவராமல் ஒரு பெட்டையைக் கொண்டுவாருங்கள். சேவல் ஒரே பருவத்தில் ஒரு குடும்பத்தையே மாற்றிவிடும். பெட்டை கொண்டுவரும் குறை அவள் குஞ்சுகளோடு நிற்கும். முதல் 30 நாள் தனிக்கூண்டில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு, கடைசியாகத் தீவனம் வைக்கும் கூண்டாக அது இருக்கட்டும். பிறகு உங்கள் நல்ல சேவலோடு சேர்த்துக் கிடைக்கும் குஞ்சுகளை நான்காவது அடையாளமிட்டு ஓராண்டு தனியே வளர்த்துப் பாருங்கள். அலகும் வாலும் தேறினால், அவற்றில் சிறந்த மகளை ‘அ’ வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.